வெண்ணிலா கறுப்பு!

கல்யாணப் பந்தியில் கடைசியாக வருமே, மரக்கரண்டியோடு அந்தச் சின்ன ஐஸ்க்ரீம் கப்... எங்கள் அப்பா அதைக் கையில் வாங்கி மூடியைத் திருப்பிப் பார்ப்பார். "என்னது, வெண்ணிலாவா? வேண்டாம்ப்பா!"

ஸ்ட்ராபெரி என்றால் சாப்பிடுவார். பிஸ்தா என்றால் சர்க்கரை வியாதியை மறந்து இரண்டு சாப்பிடுவார். வெண்ணிலா மட்டும் அப்படியே நகர்ந்து என் இலைக்கு வந்துவிடும். பல வருஷமாக இப்படி டபுள் கப் சாப்பிட்டதால்தான் எனக்குத் தொப்பை விழுந்தது என்று டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.

அப்பாவின் கோபம் ஐஸ்க்ரீம் மேல் அல்ல. சித்தப்பா மேல்.

2003-ல் அப்பா ரிடையர் ஆனார். வந்த பணத்தில் நாற்பதாயிரம் ரூபாயைச் சித்தப்பா வந்து வாங்கிப் போனார். கம்பத்துக்கு மேலே, மலையேறி இறங்கினால் கேரளா. அங்கே அவருக்கு முக்கால் ஏக்கர் ஏலத்தோட்டம். "அண்ணே, பாதி ஏலத்தைப் பிடுங்கிட்டு வெண்ணிலா வைக்கப்போறேன். பச்சைக் காய் கிலோ மூவாயிரத்து ஐந்நூறு போகுது. மூணே வருஷம். உன் நாப்பதைத் தொண்ணூறா கொண்டாந்து வைக்கிறேன்" என்றார்.

அப்பா வாழ்நாள் முழுக்க ஆபீசில் இண்டெண்ட் எழுதி வாங்காமல் ஒரு பென்சில்கூடக் கொடுத்ததில்லை. அன்றைக்குத் துண்டுச் சீட்டுகூட வாங்காமல் எண்ணிக் கொடுத்தார். தம்பியாச்சே!

மூன்று வருஷம் ஆயிற்று. தொண்ணூறு வரவில்லை. நாற்பதும் வரவில்லை. அப்புறம் தம்பியும் வரவில்லை.

போன வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் ஆபீசில் இருக்கும்போது சித்தப்பாவிடமிருந்து போன். "டேய், பூ பூத்திருக்குடா. வந்து பாக்குறியா? அப்பாகிட்ட சொல்லாத." வீட்டில் "கம்பம் பிராஞ்சில் இன்ஸ்பெக்‌ஷன்" என்று ஒரு பொய். (எங்கள் ஆபீசுக்குக் கம்பத்தில் பிராஞ்சே கிடையாது. அப்பாவுக்கு அது தெரியும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.)

மதுரை ஆரப்பாளையத்தில் ராத்திரி ஒரு மணிக்கு பஸ் ஏறினேன். உசிலம்பட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஒவ்வொரு ஊராக கண்டக்டர் கத்தி எழுப்ப, கம்பத்தில் இறங்கும்போது நாலரை. ஊர் ஏற்கெனவே முழித்திருந்தது. டீக்கடை வாசலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு பெண்கள் கூட்டம். அவர்களை ஏற்றிக்கொள்ள வரிசையாக ஜீப்புகள். தினமும் விடியுமுன் ஏறி, மலை தாண்டி, ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய வீடு திரும்புகிறவர்கள். நாமெல்லாம் அண்ணா நகரிலிருந்து ஆபீஸ் போவதற்கே அலுத்துக்கொள்கிறோம். இவர்கள் தினம் ஒரு மாநிலம் விட்டு இன்னொரு மாநிலம் போய் வருகிறார்கள்!

ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம்? ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டால் ஒரு எண் சொல்வார்கள். கம்பத்தில் கேட்டால், "இன்னும் ரெண்டு பேர்!" அந்த ரெண்டில் ஒன்றாக நான் ஏறினேன். என் மடியில் யாருடைய தூக்குவாளியோ இருந்தது. என் கால் யார் கால் என்று கடைசிவரை தெரியவில்லை.

கம்பமெட்டு ரோடு கொண்டை ஊசி கொண்டை ஊசியாகத் திரும்பித் திரும்பி ஏறுகிறது. பொழுது புலர்ந்து கீழே பார்த்தால், பள்ளத்தாக்கு முழுக்க யாரோ பச்சைக் கட்டம் போட்ட லுங்கியைக் காயப்போட்ட மாதிரி வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை அங்கேதான் விளைகிறது. செக்போஸ்ட்டைத் தாண்டினதும் காற்று மாறுகிறது. குளிர். ஏலக்காய் வாசனை. டீ, கட்டஞ்சாயா ஆகிறது.

சித்தப்பா மெயின் ரோட்டில் மப்ளர் கட்டிக்கொண்டு நின்றார். பதினைந்து வருஷம் கழித்துப் பார்க்கிறேன். இளைத்திருந்தார். "என்னடா ஆபீசரு... ரொம்பப் பெருத்துட்ட?" என்றார். "எல்லாம் உங்களாலதான் சித்தப்பா" என்றேன். புரியாமல் சிரித்தார். "சரி, காபி அப்புறம். பூவு ஒன்பது மணிக்கு மேல நமக்காக உக்காந்திருக்காது. இங்கிட்டு வா."

இறக்கத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை. ஏலச் செடிகளுக்கு நடுவே வரிசையாகக் கல்யாண முருங்கை மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கொடி. விரல் தடிமன் தண்டு, பச்சைப் பசேலென்று தடித்த இலை, கணுவுக்குக் கணு வெள்ளை வேர் நீட்டி மரத்தைப் பிடித்திருந்தது. சின்னமனூர் வெற்றிலைக் கொடியும் சோற்றுக் கற்றாழையும் காதல் கல்யாணம் பண்ணிக்கொண்டால் பிறக்கிற பிள்ளை இப்படித்தான் இருக்கும்.

"இதுதான் வெண்ணிலா" என்றார் சித்தப்பா. "இது ஆர்க்கிட் வகை, தெரியுமா?"

தெரியாது. ஆர்க்கிட் என்றால் ரிசப்ஷன் மேடையில் பொக்கேக்குள் பிளாஸ்டிக் மாதிரி நிற்குமே, அது மட்டும்தான் எனக்குத் தெரியும். உலகத்தில் ஆர்க்கிட் இனங்கள் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல். எல்லாம் அழகு காட்டிக்கொண்டு சும்மா நிற்க, நம் வாய்க்கு ருசியாக, பெரிய அளவில் பயிர் செய்யப்படுகிற ஆர்க்கிட் இது ஒன்றுதான். குடும்பத்தில் ஒருத்தன் மட்டும் வேலைக்குப் போவான் இல்லையா, அந்த மாதிரி.

பேரில் நிலா இருப்பதால் பூ வெள்ளையாகப் பால் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பச்சையும் மஞ்சளும் கலந்த, வெளிறிய பூ. கோவிலுக்கோ கொண்டைக்கோ ஆகாது. காய், நீளமான பச்சை பீன்ஸ் மாதிரி. அதைப் பதப்படுத்தினால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். ஐஸ்க்ரீமைப் பார்த்து 'வெண்ணிலா' என்று நாம்தான் காது குளிரப் பேர் வைத்துக்கொண்டோம். ஸ்பானிஷ்காரர்கள் வைத்த பேருக்கு 'சின்ன உறை' என்று அர்த்தம். அவர்களுக்கு முன்னால் இதைத் தெரிந்து வைத்திருந்த மெக்ஸிகோவின் அஸ்டெக் மக்கள் வைத்த பேருக்கு 'கறுப்புப் பூ' என்று அர்த்தம். அவர்கள்தான் சரி.

கொடியடியில் ஓர் அக்கா நின்றிருந்தார். என்னோடு ஜீப்பில் வந்தவர்தான். என் மடியில் இருந்த தூக்குவாளி அவருடையது! தலைமுண்டாசில் ஒரு எலுமிச்சை முள் செருகியிருந்தார். அதை உருவினார். இடது கையில் பூவை ஏந்தினார். பூவின் உதட்டை லேசாகக் கிழித்தார். முள்ளால் உள்ளே எதையோ தூக்கினார். கட்டை விரலால் ஒரு அமுக்கு. அடுத்த பூ. கண்ணிமைத்தால் காணோம்.

"என்னக்கா பண்றீங்க?"

"கல்யாணம் பண்ணி வைக்கிறேன் தம்பி."

விஷயம் இதுதான். வெண்ணிலாப் பூவில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஒரே வீடு. ஆனால் நடுவில் நாக்கு மாதிரி ஒரு தடுப்பு. மாடியில் மாப்பிள்ளை, கீழே பொண்ணு, நடுவே மாமியார்! அந்த மாமியாரை யாராவது தூக்கிப் பிடித்தால்தான் இருவரும் சந்திக்க முடியும். மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் அதற்கென்று தேனீக்கள் இருக்கின்றன. இங்கே கிடையாது. அப்படியே விட்டால் நூற்றுக்கு ஒரு பூ காய்த்தாலே அதிசயம். அதிலும் பூ விடியற்காலை திறந்தால் மத்தியானத்துக்குள் வாடிவிடும். மறுநாள் கிடையாது. கேஷுவல் லீவ் கிடையாது, பர்மிஷன் கிடையாது. ஒரு கொத்தில் பதினைந்து, இருபது மொட்டு. தினம் ஒன்று ரெண்டுதான் மலரும். ஆகவே ஒரு கொத்து முடிய மூன்று வாரம், தினம் காலையில் ஒருத்தர் வந்து நின்றே தீரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தேர்தல் எதுவும் பூவுக்குத் தெரியாது.

பழகின கை ஒரே காலையில் ஆயிரம் பூவுக்கு மேல் முடித்துவிடும். எனக்கு அக்கா கற்றுக் கொடுத்தார். முதல் பூவில் மாமியாரைத் தூக்குவதற்குப் பதில் மாப்பிள்ளையையே கிள்ளி எறிந்துவிட்டேன். இரண்டாவது பூவைக் கொத்தோடு பிய்த்துவிட்டேன். சித்தப்பா "டேய், அது ஒவ்வொண்ணும் காசுடா" என்று பதறினார். "பரவால்ல மொதலாளி, நான் முத நாளு நாப்பது பூவைக் கெடுத்தேன்" என்று அக்காதான் காப்பாற்றினார். ஒன்பதரை மணிக்குள் இருபது பூவுக்குக் கல்யாணம் பண்ணி முடித்தேன். முதுகு நிமிரவில்லை. அந்த நேரத்தில் அக்கா நானூறு தாண்டியிருந்தார். நான் தொட்ட பூக்களின் காம்பில் சித்தப்பா ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்தார். உன்னது எது, என்னது எது என்று தெரிய வேண்டாமா?

மடகாஸ்கரில் விவசாயிகள் பச்சைக் காயிலேயே ஊசியால் குத்தித் தங்கள் அடையாளத்தைப் பதித்துவிடுவார்களாம். காய் கறுத்தாலும் அந்தத் தழும்பு போகாது. அத்தனை திருட்டு!

அக்கா உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். பழைய சோறு, மோர் மிளகாய். "ஏந்தம்பி, நீங்க படிச்சவுக. இந்தக் காயை என்னதான் பண்ணுவாக?"

"ஐஸ்க்ரீம், கேக், சாக்லெட், சென்ட்டு... எல்லாத்துலயும் போடுவாங்கக்கா."

"எம் பேரன் வாங்கித் திங்கிறானே, அஞ்சு ரூவா குச்சி ஐஸு, வெள்ளையா... அதுல இருக்குதா?"

என்ன சொல்வது? அதில் இல்லை. அந்தக் குச்சி ஐஸில் மட்டுமல்ல, கல்யாண வீட்டுக் கப்பிலும் பெரும்பாலும் கிடையாது. 1874-லேயே ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்ற இருவர் பைன் மரத்துப் பொருளிலிருந்து வெண்ணிலா வாசனையைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். அந்தப் பொருளுக்குப் பேர் வெனிலின். பிறகு காகித ஆலைக் கழிவிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிற ரசாயனத்தில் செய்கிறார்கள். உலகம் சாப்பிடுகிற வெண்ணிலா வாசனையில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தக் காயிலிருந்து வருவதில்லை. நம் வீட்டு அலமாரியில் கேக்குக்காக வாங்கி வைத்த குட்டி பாட்டில் எசென்ஸும் அந்தச் சரக்குதான். அப்பா இருபது வருஷமாகக் கோபித்துக்கொண்டு ஒதுக்கியது அந்த வெனிலினைத்தான். பாவம், அதற்கும் சித்தப்பாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"அதுல இல்லக்கா. இது விலை ஜாஸ்தி. குங்குமப்பூவுக்கு அடுத்தபடி இதுதானாம்" என்றேன்.

"அப்ப யாருதான் திங்கிறா இதை?" என்றார் அக்கா. பதிலுக்குக் காத்திராமல் மிளகாயைக் கடித்துக்கொண்டார்.

சித்தப்பா அப்போதுதான் அந்தப் பையன் கதையைச் சொன்னார். இந்த வெண்ணிலாவில் பணம் போட்டவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. பிறகு நானும் தேடிப் படித்தேன்.

மெக்ஸிகோவிலிருந்து ஐரோப்பியர்கள் கொடியைக் கொண்டுபோனார்கள். கண்ணாடி வீட்டில் வளர்த்தார்கள், தீவுகளில் நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. முந்நூறு வருஷம்! தேனீயைத் துணைக்குக் கூட்டிப் போகவில்லையே. 1836-ல் பெல்ஜியத்தில் மோரன் என்ற பேராசிரியர் கையாலேயே காய்க்க வைத்துக் காட்டினார். ஆனால் தோட்டத்துக்கு ஒத்துவருகிற மாதிரி சட்டென்று செய்யும் வழி யாருக்கும் தெரியவில்லை.

இந்துமகா சமுத்திரத்தில் ரீயூனியன் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. அப்போது பூர்போன் என்று பேர். அங்கே பெல்லியே போமோன் என்ற தோட்டக்காரரிடம் எட்மண்ட் என்று ஒரு பையன். அடிமை. அம்மா பிரசவத்திலேயே போய்விட்டாள். பள்ளிக்கூடம் கிடையாது. எஜமானர் பின்னாலேயே தோட்டத்தைச் சுற்றிச் சுற்றிச் செடிகளைத் தெரிந்துகொண்டவன். 1841-ல் ஒருநாள், வருஷக்கணக்காக மலடாக நின்ற வெண்ணிலாக் கொடியில் இரண்டு காய் தொங்குவதை எஜமானர் பார்த்தார். "நான்தான் பண்ணினேன்" என்றான் பையன். அவர் நம்பவில்லை. இன்னொரு பூவில் செய்து காட்டச் சொன்னார். காட்டினான். ஒரு குச்சி, ஒரு கட்டை விரல். பையனுக்கு வயது 12.

வண்டியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கூட்டிப் போய் மற்றவர்களுக்குக் கற்றுத்தரச் சொன்னார்கள். அந்தத் தீவு வெண்ணிலாவில் மெக்ஸிகோவையே மிஞ்சியது. மடகாஸ்கருக்குப் போனதும் அந்த விரல் வித்தைதான். நம்ம அக்கா செய்ததும் அதேதான். நூற்று எண்பது வருஷத்துக்கு மேலாகியும் அதைவிட மேலான மெஷினை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பையனுக்கு என்ன கிடைத்தது? 1848-ல் அடிமை முறை ஒழிந்தபோது எல்லோருக்கும் போல அவனுக்கும் விடுதலை. கூடவே 'அல்பியஸ்' என்று ஒரு குடும்பப் பேர். 'வெள்ளை' என்று அர்த்தமுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். கறுத்த பையனுக்கு வெள்ளை என்று பேர், கறுத்த காய்க்கு நாம் வைத்த வெண்ணிலா மாதிரியே. டவுனுக்குப் போனான். நகைத் திருட்டு என்று ஜெயிலில் போட்டார்கள். எஜமானர் எழுதிக் கேட்டுக்கொண்டதால் சீக்கிரம் வெளியே விட்டார்கள். இதற்கு நடுவே ரிஷார் என்ற தாவரவியல் ஆசாமி, "அது நான் சொல்லிக் கொடுத்த வித்தை" என்று உரிமை கொண்டாட, இல்லை, பையனுடையதுதான் என்று அந்தப் பழைய எஜமானர் எழுதி வைத்தார். அதனால்தான் இன்றைக்கு நமக்கு அந்தப் பேராவது தெரிகிறது. 1880-ல் எட்மண்ட் ஏழையாகவே செத்துப் போனார்.

அடிமைகள் விடுதலையானதும் வேலைக்கு ஆள் வேண்டுமே என்று ரீயூனியனுக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஏராளமானவர்கள் நம் தமிழ்நாட்டுப் பக்கத்து ஜனங்கள். 'மலபார்' என்று அங்கே பேர். அவர்கள் வாரிசுகள் இன்றைக்கும் அங்கே தீ மிதிக்கிறார்கள். நம்மவர் விரலும் அந்தப் பூவில் பட்டிருக்கும்.

"அதெல்லாம் இருக்கட்டும் சித்தப்பா" என்றேன், கொஞ்சம் தைரியம் வரவழைத்துக்கொண்டு. "நம்ம நாப்பதாயிரம் எங்கே போச்சு?"

சித்தப்பா மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார். "மடகாஸ்கருக்குப் போச்சுடா."

கதை என்னவென்றால், உலகத்து வெண்ணிலாவில் பெரும்பகுதி அந்த ஒரு தீவிலிருந்து, அதிலும் அதன் வடகிழக்கு மூலையிலிருந்து வருகிறது. 2000-ல் ஹூடா என்ற புயல் அந்த மூலையை அடித்துத் துவைத்தது. சரக்கு இல்லை. விலை ஏறு ஏறென்று ஏறி, 2003-ல் பதப்படுத்திய காய் கிலோ ஐந்நூறு டாலர் என்றானது. உடனே நம் ஊரில் ஆளாளுக்குக் கொடி வைத்தார்கள். ஏலத்தைப் பிடுங்கினார்கள், மிளகைப் பிடுங்கினார்கள். விதை கிடையாது, தண்டை வெட்டித்தான் நடவேண்டும். அதை ஜவுளிக்கடை மாதிரி மீட்டர் கணக்கில் விற்றார்கள். காய் விற்றவனைவிடத் தண்டு விற்றவன்தான் பணம் பண்ணினான். ராத்திரியில் கொடியை வெட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நாய், டார்ச், வாட்ச்மேன் காவல் வேறு.

நட்ட கொடி பூக்க மூன்று வருஷம் ஆகும். சித்தப்பா நட்டது 2003. மூன்று வருஷம் நிழல் பார்த்து, இலைச் சருகு பரப்பி, மேலே ஏறவிடாமல் கைக்கு எட்டுகிற உயரத்தில் வளைத்து வளைத்துத் தொங்கவிட்டு (தொங்குகிற கொடிதான் பூக்கும்), நுனி கிள்ளி, 2006-ல் முதல் காய் பறித்துக்கொண்டு போனார். அதற்குள் மடகாஸ்கர் எழுந்துவிட்டது. இங்கே நட்ட மாதிரியே எல்லா தேசத்திலும் நட்டிருந்தார்கள். ஐஸ்க்ரீம் கம்பெனிகளோ விலை ஏறினபோதே வெனிலினுக்குத் தாவியிருந்தன. மூவாயிரத்து ஐந்நூறு விற்ற பச்சைக் காய் நூறு ரூபாய்க்கும் கீழே போயிருந்தது.

"கடைக்காரன் தராசுலயே வைக்கலடா. 'அந்த மூலையில கொட்டுங்க'ன்னான். அந்த மூலைன்னு சொன்னான் பாரு... அப்பதான் உங்கப்பன் மொகம் கண்ணு முன்னால வந்துச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?"

வேர் அழுகல் வேறு சேர்ந்துகொண்டது. உலகத்துத் தோட்ட வெண்ணிலா பெரும்பாலும் ஒரு சில கொடிகளிலிருந்து வெட்டி வெட்டி நட்டது. அதனால் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். இரண்டு பருவமழையில் முக்கால்வாசி போயிற்று. மிச்சத்தைப் பிடுங்கி எறியக்கூட மனசில்லாமல் விட்டதுதான் இந்த நான்கு வரிசை. 2017 மார்ச்சில் எனாவோ என்று இன்னொரு புயல் மடகாஸ்கரில் அடித்தது. 2018-ல் விலை கிலோ அறுநூறு டாலர் தொட்டது. வெள்ளியைவிட அதிகம்! பிடுங்கி எறிந்தவர்களெல்லாம் தலையில் கை வைத்தார்கள். சித்தப்பா தன் சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொல்லிக் கொடியைத் திரும்பக் கவனிக்க ஆரம்பித்தார். "ஆனா இந்தத் தடவை கடன் வாங்கல, ஏலத்தப் பிடுங்கல. நாலே வரிசை. வித்தா வரும்படி, விக்கலேன்னா வாசனை." நல்லவேளை. 2023-க்குப் பிறகு உலக விலை மறுபடி சரிந்துவிட்டது.

புயல் எங்கேயோ அடிக்க, ஒரு அண்ணன் தம்பி இங்கே பேசாமல் இருந்தார்கள் என்றால், வானிலை அறிக்கையில் இதைச் சொல்லவே இல்லையே!

அன்றைக்கு ராத்திரி அங்கேயே தங்கினேன். போன வருஷத்துக் காய் கொஞ்சம் பெட்டியில் இருந்தது. பதப்படுத்துவது இன்னொரு பிள்ளைப்பேறு. பூ ஒட்டியதிலிருந்து காய் முற்ற ஒன்பது மாதம் (சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஒன்பது மாதம்). அடி நுனி மஞ்சளானதும் பறித்து, கூடையோடு மூன்று நிமிஷம் சுடு தண்ணீரில் முக்கவேண்டும். கொதிக்கக் கூடாது, அறுபத்து மூன்று, அறுபத்தைந்து டிகிரி. சித்தப்பா பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி தெர்மாமீட்டரோடு உட்காருவார். பிறகு கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்து வியர்க்க விடவேண்டும். தினமும் கொஞ்ச நேரம் வெயில், மறுபடி கம்பளி. அப்புறம் ஒன்றரை மாதம் நிழலில். அப்புறம் பட்டர் பேப்பர் போட்ட பெட்டியில் இரண்டு மூன்று மாதம் தூக்கம். பறிக்கும்போது பச்சைக் காய்க்கு வாசனையே கிடையாது. இத்தனையும் செய்தபிறகுதான் வருகிறது. ஆறு கிலோ பச்சைக் காய் வாடி வதங்கி ஒரு கிலோ ஆகிறது.

பெட்டியைத் திறந்து காட்டினார். கறுப்பாக, எண்ணெய் தடவின ஷூ லேஸ் மாதிரி மினுமினுத்தது. முகர்ந்தேன். ஐஸ்க்ரீம் இல்லை சார் அது! காய்ந்த திராட்சை, கருப்பட்டிப் பாகு, புதுப் புகையிலை, தாத்தாவின் மரப்பெட்டி, எல்லாம் சேர்ந்து ஏதோ ஒன்று. வெனிலின் என்பது அந்தக் கச்சேரியில் ஒரே ஒரு வயலின். நாம் இத்தனை நாளும் அந்த வயலினை மட்டும் ரேடியோவில் கேட்டுவிட்டுக் கச்சேரி கேட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

காலையில் அக்கா வருவதற்கு முன்னாலேயே ஓடிப்போய் என் இருபதைப் பார்த்தேன். கல்யாணம் கூடிவராத பூ தானாக உதிர்ந்துவிடும். கூடிவந்தது வாடினாலும் காம்பை விடாது. ஏழு உதிர்ந்து கிடந்தன. பதின்மூன்று ஒட்டியிருந்தது. "பாஸ் மார்க்குத் தம்பி" என்றார் அக்கா. அவர் அன்றைக்கு முதல் கொடிக்கு நகர்ந்து, எலுமிச்சை முள்ளை உருவினார். கூலி ஏலக்காட்டு நாள் கூலிதான். பூ வேலைக்கென்று தனியாகக் கிடையாதா என்று சித்தப்பாவைக் கேட்டேன். "வித்தா பாப்போம்னு சொல்லிருக்கேன்" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. இருபது வருஷத்துக்கு முன் அப்பாவிடமும் இதே குரலில்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அதைச் சொல்லியும் விட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அக்காவைக் கூப்பிட்டு, பூ முடிகிறவரைக்கும் நாளைக்கு நூறு ரூபாய் கூட்டித் தருவதாகச் சொன்னார். "எளுதிக் குடுங்க மொதலாளி" என்றார் அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். இல்லை, எழுதி வாங்கித் தூக்குவாளி மூடிக்குள் வைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் சித்திரையில் மதுரைக்கு ஒரு கூரியர் வந்தது. நான் ஆபீசில். அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். நான் வீடு வந்தபோது டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார். கூடம் முழுக்க அந்த வாசனை. டப்பாவில் கறுப்பாகப் பதினோரு காய், சிவப்பு நூலால் கட்டியிருந்தது. (மழையில் ரெண்டு உதிர்ந்துபோச்சு என்று பின்னால் ஒரு துண்டுச் சீட்டு.)

"இன்ஸ்பெக்‌ஷன்ல குடுத்தாங்களா?" என்றார் அப்பா.

நான் தரையைப் பார்த்தேன்.

ஒரு காயை எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "ஐஸ்க்ரீம் வாசனையே இல்லையேடா" என்றார். பிறகு பழக்கதோஷம், பென்சில் கேட்டு வாங்கி, கூரியர் கவரின் பின்னால் கணக்குப் போட்டார்.

"நாப்பதாயிரத்துக்குப் பதினொண்ணு. ஒரு காய் மூவாயிரத்து அறுநூத்துச் சொச்சம்." கண்ணாடியைக் கழற்றினார். "படுபாவி, அன்னிக்குக் கிலோவே அந்த வெலைதானேடா சொன்னான்!"

டப்பாவை மூடிப் பீரோவில் பட்டு வேட்டிகளுக்கு நடுவே வைத்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அவனுக்கு மறுபடி எப்பப் பூக்குமாம்?" என்று கேட்டார்.